கம்பளத்தில் ரத்தம் படவில்லை

துறைமுகத்தில் அவருக்குத் தபால்காரர் என்று பெயர். உண்மையில் அவர் படகோட்டி. பட்டறையில் கட்டி முடித்த புது உல்லாசப் படகுகளை, வாங்கியவர்கள் இருக்கும் ஊர்வரை கடல் வழியாக ஓட்டிக்கொண்டுபோய் ஒப்படைப்பதுதான் தொழில். "தபால்காரன் வேலை கதவைத் தட்டுறதோட முடிஞ்சுது. உள்ள சிரிக்கிறாங்களா அழுறாங்களான்னு அவனுக்கு எதுக்கு?" என்று அவரே ஒருநாள் டீக்கடையில் சொல்லப்போக, அந்தப் பெயர் பசைபோட்ட மாதிரி ஒட்டிக்கொண்டது.

ஒப்படைக்கப் போகும் படகில் குடியிருக்க முடியாது, ஒண்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். வெள்ளைத் தோல் சோபாக்கள் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். தரைக் கம்பளத்தின்மேல் ஒட்டுத்தாள் விரித்திருப்பார்கள். சமையலறை அடுப்பிலும் குளிர்பெட்டியிலும் சீல் ஒட்டியிருக்கும். முதலாளியின் படுக்கையறை பூட்டியே கிடக்கும். ஓட்டுகிறவர்கள் சுக்கான் அறைத் தரையில் மாற்றி மாற்றிப் படுத்துக்கொள்ள வேண்டும். தாங்கள் கொண்டுபோன மின்கெண்டியில் வெந்நீர் வைத்து, ரொட்டியையும் அவித்த முட்டையையும் தின்று கரை சேர வேண்டும். சேர்ந்ததும் கைப்பிடிக் கம்பிகளில் படிந்த உப்பைத் துடைத்து, சாவியைக் கொடுத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவார்கள்.

தபால்காரர் ஓட்டாத ரகப் படகு இல்லை. ஆனால் எந்தப் படகிலும் அவர் இரண்டாம் முறை ஏறியதில்லை. அவர் மனைவி தையற்கடையில் வேலை பார்த்தாள். அவர் திரும்பி வரும்போதெல்லாம் படகு எப்படி என்று கேட்பாள். "வெள்ளையா இருந்துச்சு" என்பார். முதலில் அது வேடிக்கையாக இருந்தது. பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

அவருக்குத் துணையாகப் போகிறவன் மச்சினன், மனைவியின் தம்பி. இன்ஜின் மெக்கானிக். ஓடுகிற இன்ஜின் பக்கத்தில் தலையைச் சாய்த்து நின்று "சுதி சேரலையே" என்பான். அதனால் துறைமுகத்தில் அவனுக்குச் சுதி என்று பெயர். தாய் போனபின் அவனை வளர்த்தது அக்காதான். கல்யாணமாகி வரும்போதே சீர்வரிசையோடு சீர்வரிசையாகத் தம்பியையும் கூட்டிவந்தவள் என்று தபால்காரர் கேலி செய்வார். டயர் கடைக்குப் பின்னால் இரண்டு அறை வாடகை வீடு. உள்ளறை கணவன் மனைவிக்கு, முன்னறை சுதிக்கும் அவனுடைய ரேடியோவுக்கும். நாற்பதை நெருங்கியும் அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நிலையான வேலை வரட்டும், பார்க்கலாம் என்பான்.

அந்த நிலையான வேலை வரும்போலத்தான் இருந்தது.

பட்டறையில் ஒரு பெரிய படகு முடிந்து நின்றது. வாங்கியவர் கட்டடங்களுக்குக் கண்ணாடி விற்கும் வியாபாரி. மனைவி பல் மருத்துவர். இருவரும் படகைப் பார்க்க வந்தார்கள். மற்ற முதலாளிகளைப்போல அவர் சோபாவைத் தட்டிப் பார்க்கவில்லை. தபால்காரரோடு சுக்கான் அறையில் வெகுநேரம் நின்று, காற்றடித்தால் இது எப்படி ஆடும், குழந்தைகளை ஏற்றலாமா என்றெல்லாம் கேட்டார். அந்த அம்மாள் சுதியிடம் இன்ஜின் அறையைக் காட்டச் சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு ஏணியில் இறங்கிப் பார்த்தாள். போகும்போது வியாபாரி சொன்னார்:

"எனக்கு நிரந்தரமா ஒரு கேப்டனும், இன்ஜினுக்கு ஒரு ஆளும் வேணும். எங்கம்மா பிறந்தநாளைக்குப் படகு அங்க இருக்கணும். கொண்டு வாங்க, பேசுவோம்."

பேசுவோம் என்ற அந்த ஒரு சொல்லில் இரண்டு ஆண்பிள்ளைகளும் குடிபோய்விட்டார்கள். தபால்காரருக்கு, ஒரு படகின் உறையைக் கழற்றிய பிறகும் அதிலேயே இருக்கலாம் என்பதை நினைக்கவே நாக்கில் தேன் தடவியதுபோல இருந்தது. சொந்தச் செருப்பை வாசலில் விடலாம். தன் கோப்பையைத் தனக்கென்று ஓர் ஆணியில் மாட்டலாம். சுதி ஒருபடி மேலே போய், தனக்கு வரப்போகும் பெண்ணுக்குக் கடல் ஒத்துக்கொள்ளுமா என்று அக்காவிடம் விசாரித்தான். அவள் சிரித்துக்கொண்டே இருவருக்கும் காலர் வைத்த வெள்ளைச் சட்டை தைத்தாள். ஒப்படைக்கும் அன்றைக்குப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று மடித்துப் பையில் வைத்தாள்.

கிளம்பிய அன்று கடல் தட்டில் ஊற்றிய பால்போலக் கிடந்தது. மறுநாள் காலையிலேயே பின்னாலிருந்து அலை தூக்க ஆரம்பித்தது. மோசமான காற்று ஒன்று தெற்கே திரண்டு வருவதாக வானொலி சொன்னது. அதற்கு முன்னால் ஓடிவிடலாம் என்பது தபால்காரரின் கணக்கு. கணக்கில் பிழையில்லை. ஆனால் புதுப் படகின் டீசல் தொட்டிக்குள் பட்டறைத் தூசி இருக்கும். படகு குலுங்கக் குலுங்க அது கிளம்பி வடிகட்டியை அடைத்துக்கொள்ளும். மத்தியானம் ஓர் இன்ஜின் திணறியது. சுதி தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, வடிகட்டியை மாற்றுகிறேன் என்று கீழே இறங்கினான்.

மாற்றிவிட்டான். இன்ஜின் சுதி சேர்ந்து ஓடியது. ஏணியில் ஏறி, பின்தளத்தின் விளிம்பை வலது கையால் பிடித்து மேலே எழும்பும்போது ஓர் அலை படகைப் பக்கவாட்டில் தூக்கிப் போட்டது. இன்ஜின் அறையின் கனத்த மூடியைத் தாங்கி நின்ற தண்டு பிடுங்கிக்கொண்டது. பட்டறையில் யாரோ அதன் திருகாணியைப் பாதிதான் இறக்கியிருந்தார்கள். மூடி முழுப் பாரத்தோடு அவன் விரல்கள்மேல் விழுந்தது.

சத்தம் கேட்டுத் தபால்காரர் இன்ஜினைக் குறைத்துவிட்டு ஓடினார். சுதி தோளால் முட்டி மூடியைத் தூக்கிக் கையை உருவிக்கொண்டு, தள்ளாடியபடி வரவேற்பறைக் கதவுக்கு வந்திருந்தான். கண்ணாடிக் கதவு திறந்திருந்தது. அலையாட்டத்தில் ஒட்டுத்தாள் கிழிந்து வெள்ளைக் கம்பளம் தெரிந்தது. அவன் மணிக்கட்டிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

"உள்ள வராத" என்றார் தபால்காரர். "அங்கயே நில்லு. கம்பளம்."

அதுதான் அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல். சுதியும் உடனே காலைப் பின்வாங்கினான். தப்பு தன்னுடையது என்பதுபோலக் கையை நெஞ்சோடு சேர்த்துச் சட்டையில் சுருட்டிக்கொண்டு பின்தளத்திலேயே உட்கார்ந்தான். அவர் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தப்பியிருந்தன. மற்ற மூன்றும் நசுங்கி, விரல் என்ற வடிவத்தை இழந்திருந்தன. குளிர்பெட்டியின் சீலை உடைத்து, அதில் தானாக உறைந்திருந்த பனிக்கட்டியை எடுத்தார். "சீலை உடைச்சிட்டீங்களே" என்று சுதி அந்த நிலையிலும் கவலைப்பட்டான். மருந்துப் பெட்டியிலிருந்த துணியால் கட்டி, வலி மாத்திரை கொடுத்து, அவனைச் சுக்கான் அறைக்குக் கூட்டிப்போனார். உள்வழியாக இல்லை. பக்கவாட்டில், அலை வாரியடிக்கும் குறுகலான நடையில், கம்பியை இடது கையால் பிடித்துப் பிடித்து நடக்கவைத்தார்.

கரைப்பக்கம் திரும்பினால் இருட்டுவதற்குள் ஒரு துறைமுகம் இருந்தது. சின்ன ஊர்தான், ஆனால் ஆஸ்பத்திரி உண்டு. திரும்பினால் காற்று அவர்களைப் பிடித்துவிடும். அது ஓயும்வரை அங்கேயே கட்டிக் கிடக்க வேண்டியதுதான். பிறந்தநாள் போய்விடும்.

அவர் வரைபடத்தைப் பார்த்தார். பிறகு மச்சினனைப் பார்த்தார். திரும்பிவிடலாமா என்று அவர் கேட்கவில்லை.

"என்ன மாப்ள, தாங்குவியா?"

சுதி பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான். "போலாம் அத்தான். கை எங்கயும் ஓடிடாது. வேலைதான் ஓடிடும்."

தாங்குவாயா என்று ஓர் ஆண்பிள்ளையைக் கேட்டால், தாங்கமாட்டேன் என்று எவன் சொல்வான்? அது தபால்காரருக்குத் தெரியாததல்ல. தெரிந்துதான் அப்படிக் கேட்டார். படகு முதலாளியான வியாபாரிக்குப் போன் போட்டுச் சொல்லலாம் என்ற நினைப்பும் வந்தது. படகிலேயே செயற்கைக்கோள் போன் இருந்தது. போன் போட்டால் பட்டறையின் குறையைச் சொல்ல வேண்டும், சீல் உடைத்ததைச் சொல்ல வேண்டும், ஆரம்பத்திலேயே அபசகுனமாகப் போய்விடும். கரை சேர்ந்து, ஜம்மென்று படகைக் கட்டிவிட்டு, பேச்சோடு பேச்சாகச் சொல்லிக்கொள்ளலாம். அவர் இன்ஜின் வேகத்தைக் கூட்டினார்.

சாயங்காலத்துக்குள் சுதிக்குக் காய்ச்சல் வந்தது. மாத்திரைக்கு அடங்கியது, மறுபடி வந்தது. பொழுது விடிந்தபோது கட்டுக்கு வெளியே தெரிந்த விரல் நுனிகள் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன. அவிழ்த்துப் பார்க்கலாமா என்று கேட்டான். அவிழ்த்தால் அழுக்குப் படும், கரையில் டாக்டர் பார்க்கட்டும் என்றார். உண்மையில் அவருக்குப் பார்க்கப் பயம். பார்த்துவிட்டால் எங்கேயாவது ஒதுங்க வேண்டியிருக்கும். பார்க்காதவரை அது வெறும் துணிக்கட்டு.

 அதன்பிறகு சுதி கொஞ்சநேரத்துக்கு ஒருதரம் ஒரே கேள்வியைத்தான் கேட்டான். "இன்னும் எவ்வளவு தூரம் அத்தான்?" கிட்ட வந்தாச்சு என்பார் இவர். மறுபடி அதே கேள்வி, அதே பதில். கடைசியில் கேட்பதையும் விட்டுவிட்டு, அலை தூக்கும்போதெல்லாம் குழந்தை முனகுவதுபோல ஒரு சத்தம் மட்டும் போட்டான். இவர் வானொலியின் ஓசையைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டார்.

கரை தெரிந்ததும் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டார். சுதிக்கும் மாட்டிவிட்டார். கட்டுப்போட்ட கை சட்டைக்குள் நுழையவில்லை. ஒரு கைப்பகுதி காலியாகத் தொங்கியது. படகைப் பூப்போலக் கொண்டுபோய் மேடையில் அணைத்தார். முதலாளி, அந்த அம்மாள், குழந்தைகள், பிறந்தநாள்காரக் கிழவி, சொந்தக்காரர்கள் என்று ஒரு கூட்டமே நின்றது. குழந்தைகள் கைதட்டினார்கள்.

முதலில் கவனித்தது அந்த அம்மாள்தான். என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே ஏறி வந்தாள். சின்ன அடிதான் மேடம் என்று தபால்காரர் ஆரம்பிப்பதற்குள் கட்டை அவிழ்த்துவிட்டாள். பல் மருத்துவராக இருந்தாலும் மருத்துவர் மருத்துவர்தானே. அவள் முகம் மாறியதைப் பார்த்துத்தான் தபால்காரர், கட்டுப் போட்டபிறகு முதன்முதலாக, அந்த விரல்களைப் பார்த்தார்.  அவள் சுதியைத் தோளில் தாங்கிக் காரில் ஏற்றி, தானே ஓட்டிக்கொண்டு போனாள். பிறந்தநாள் சவாரி நடக்கவில்லை. முதலாளி உறவினர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

மூன்று விரல்களையும் அடியோடு எடுத்தார்கள். அடிபட்ட அன்றைக்கே வந்திருந்தால் இரண்டையாவது காப்பாற்றியிருக்கலாம் என்று அறுவை செய்தவர் சொன்னார். திட்டாமல், மழை வரும்போலிருக்கிறது என்கிற குரலில் சொன்னார். திட்டியிருந்தால் தபால்காரர் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பார்.

செலவு முழுவதையும் முதலாளி ஏற்றுக்கொண்டார். பட்டறைக்கு ஆள் அனுப்பி மூடி விஷயத்தை ஒரு பிடி பிடித்தார். அந்த அம்மாள் தினமும் பழச்சாறு கொண்டுவந்து கொடுத்தாள். குறைசொல்ல ஒரு துரும்பு கிடைக்கவில்லை. எத்தனையோ முதலாளிகளைப் பார்த்தவர் தபால்காரர். தளத்தில் கீறல் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடுகிறவர்கள், பஸ் செலவுக்கு மூக்கால் அழுகிறவர்கள். இந்தத் தடவையும் அப்படி ஒருவன் வாய்த்திருக்கக்கூடாதா என்று இருந்தது. ஆத்திரத்தை எறிய ஓர் ஆள் வேண்டியிருந்தது.

சுதியை வீட்டுக்கு அனுப்பலாம் என்ற நாளில், ஆஸ்பத்திரிச் சாப்பாட்டு அறையில் முதலாளி அவரை எதிரே உட்காரவைத்தார். டீ வந்தது. பேசுவோம் என்று சொன்ன பேச்சு வரப்போகிறது என்று தபால்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே" என்றார் முதலாளி.

பிறந்தநாளைக்கு வந்தாக வேண்டும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று தபால்காரர் மெல்ல எடுத்துச் சொன்னார்.

"சொன்னேன். ஒருத்தர் கை போனாலும் பரவாயில்லைன்னு சொன்னேனா? போன் பண்ணியிருந்தா, திருப்புங்கன்னு ஒரே வார்த்தைல முடிஞ்சிருக்கும். அம்மாவுக்கு அடுத்த வருஷமும் பிறந்தநாள் வரும்."

 முதலாளி தொடர்ந்தார். குரலை உயர்த்தவில்லை, சொல்வதற்கு அவருக்கே கஷ்டமாக இருந்தது தெரிந்தது. காரில் போகும்போது உங்கள் மச்சினர் என் மனைவியிடம் ஒன்று சொன்னாராம் என்றார். கம்பளத்தில் ஒரு சொட்டு ரத்தம்கூடப் படவிடவில்லை மேடம், அத்தான் சொன்ன உடனே வெளியிலேயே நின்றுவிட்டேன் என்று அந்த வலியிலும் பெருமையாகச் சொன்னாராம். அவள் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டாளாம். அதற்குமேல் கொஞ்சநேரம் ஓட்ட முடியவில்லையாம்.

"நீங்க நல்ல மாலுமி. அதுல எனக்குச் சந்தேகமில்ல. ஆனா சொந்த மச்சினன் கைக்கு நிறுத்தாதவர், என் பிள்ளைங்களுக்கு நிறுத்துவார்னு நான் எப்படி நம்புறது?"

சுதி அதைச் சொன்னது வேலைக்காகத்தான் என்பது தபால்காரருக்கு அந்த நொடியே புரிந்தது. இப்படிப்பட்ட ஆட்கள் நாங்கள், எங்களை வைத்துக்கொள்ளுங்கள் என்று காட்டத்தான் சொல்லியிருக்கிறான். அதுவே கழுத்தை அறுத்துவிட்டது. அவர் எழுந்து கும்பிட்டார். முதலாளி கையைப் பிடித்துக்கொண்டு, வேறு உதவி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்றார். சொன்னபடியே பிறகு உதவியும் செய்தார். அதையும் மறுக்க முடியவில்லை.

வீட்டில் மனைவி ஒப்பாரி வைக்கவில்லை. தம்பியின் கையை மடியில் வைத்துக்கொண்டு, தையல் பிரித்த இடத்தைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். எப்படி நடந்தது என்று கேட்டாள். மூடி விழுந்ததுவரை சுதி சொன்னான். பிறகு ஒருமுறை அத்தானைப் பார்த்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"கரைக்குத் திருப்புங்கன்னு சொன்னேன்க்கா. அத்தான்தான் கேக்கல."

தபால்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாயைத் திறந்தார்.  போலாம் அத்தான் என்று அவன் சொன்னது காதில் அப்படியே இருந்தது. இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டதும் இருந்தது. அந்தக் கேள்விக்கு வேறு என்னதான் அர்த்தம்? திருப்பு என்று சொல்ல வெட்கப்பட்டவன் வேறு எப்படிக் கேட்பான்? அவன் பொய் சொல்கிறான் என்று சொன்னால் பாதி பொய்யாகும். சொல்லாவிட்டால் பாதி மெய்யாகும். அவர் வாயை மூடிக்கொண்டார்.

சுதிக்குத் திருப்புளி பிடிக்க வரவில்லை. இடதுகைப் பழக்கம் வருவதற்குள் பட்டறை வேறு ஆள் போட்டுக்கொண்டது. படகுகளுக்கு டீசல் ஊற்றும் மேடையில் அவனுக்கு வேலை கிடைத்தது. அந்தக் கண்ணாடி வியாபாரியின் சிபாரிசுதான். குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது எல்லாரும் கைக்கு என்ன ஆச்சு என்று கேட்பார்கள். அவனும் சொல்வான். சொல்லச் சொல்லக் கதை வளர்ந்தது. திருப்புங்க என்று சொன்னேன் என்பது, திரும்பத் திரும்பச் சொன்னேன் என்று ஆயிற்று. பிறகு அழுதேன், கடைசியில் காலைப் பிடித்தேன் என்றுவரை போனது. டீக்கடையில் அடுத்த மேசையில் தபால்காரர் உட்கார்ந்திருக்கும்போதே சொல்வான். மறைந்து சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியதில்லை. ஒருவேளை அவனே அதை நம்பியிருக்கலாம். துறைமுகத்தில் சிலர் அவரோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள். சுதியின் இடத்தில் துணைக்கு வர ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது. ஊர் தெரியாத ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனார்.

வீட்டில் மூவரும் ஒரே கூரையின்கீழ்தான் இருந்தார்கள். அவள் சோறு போட்டாள், துணி துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அதற்குமேல் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பழைய கால்சட்டை ஒன்றுக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தவள் ஊசியை நிறுத்தினாள். முன்னறையில் சுதியின் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

"ஒண்ணு கேக்கணும். அவன் டீக்கடையில சொல்றதெல்லாம் எனக்கும் வருது. காலைப் புடிச்சான்னு எல்லாம் நான் நம்பல. நீங்க சொல்லுங்க. அவன் திருப்பச் சொன்னானா, இல்லையா?"

அவள் குரலில் இத்தனை மாதமாக இல்லாத ஒரு தணிவு இருந்தது. இல்லை என்று அவர் சொல்லிவிட வேண்டும் என்று அவள் காத்திருப்பது தெரிந்தது. சொன்னால் அவர் மனைவி அவருக்குத் திரும்பக் கிடைத்துவிடுவாள். முன்னறையில் ரேடியோவின் சத்தம் குறைந்தது. முழுவதும் நிற்கவில்லை, சுவரின் இந்தப் பக்கம் பேசுவது கேட்கும் அளவுக்கு மட்டும் குறைந்தது.

தபால்காரர் அந்தச் சுவரைப் பார்த்தார். மூன்று விரலும் போய், இன்ஜினும் போய், வரப்போகிற பெண்ணும் போய், நான் சொன்னேன் அவர்தான் கேட்கவில்லை என்ற ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் ஒருவன் உட்கார்ந்திருந்தான். அதையும் பிடுங்கினால் அவனிடம் என்ன மிஞ்சும்? போகலாம் என்று தானே சொல்லிக் கையைக் கெடுத்துக்கொண்ட முட்டாள் என்ற பெயர்தான் மிஞ்சும்.

"சொன்னான்" என்றார்.

 அவள் பட்டனைத் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, கால்சட்டையை மடித்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து போனாள். முன்னறையில் ரேடியோ மறுபடி உரக்கப் பாடத் தொடங்கியது.

அடுத்த படகு வந்தபோது அவர் போனார். அதற்கடுத்ததற்கும் போனார். டீசல் மேடையைக் கடக்கும்போது சுதி இடது கையால் கயிற்றை அவிழ்த்துக் கொடுப்பான். அத்தான் என்று கூப்பிடுவதை மட்டும் அவன் விட்டுவிட்டான். மற்றவர்களைப்போலத் தபால்காரர் என்றே சொன்னான்.